நெஞ்சுவலி என்று போய் கவுன்சலிங்கில் உட்கார்ந்த கதை

டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுத்த டி.எம்.டி. ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்த டாக்டர், "ஹார்ட் நல்லா இருக்கு சார், தைரியமா போங்க" என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கோ எரிச்சல்தான் வந்தது. ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. நெஞ்சில் ஒன்றும் இல்லையென்றால் கேஸாகத்தான் இருக்கும் என்று எண்டோஸ்கோப்பியும் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் நார்மல். அப்படியானால் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், துவாக்குடி தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்து, விரல் நுனியெல்லாம் மரத்து, இதோ போய்விடப் போகிறோம் என்று தோன்றுகிறதே, அது என்ன?

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். வீடு திருச்சி, கிளை தஞ்சாவூர் பக்கம். ஐம்பதை நெருங்குகிற வயது. அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனவர். இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே பாதிக் கதை புரிந்திருக்கும். எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

கடைசியில் எங்கள் குடும்ப டாக்டர்தான் ரிப்போர்ட் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "இது பேனிக் அட்டாக் மாதிரி தெரியுது. ஒரு கவுன்சலிங் போய்ப் பாருங்களேன்" என்றார். திடீரென்று பயம் உச்சிக்கு ஏறி உடம்பெல்லாம் படபடப்பதற்குத்தான் அந்தப் பேர். கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னார். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தைராய்டு கூடினால் படபடப்பு வரும், குறைந்தால் மனம் சோர்ந்து கிடக்கும். ரத்தசோகை இருந்தாலும் இதயம் வேகமாக அடிக்கும். மனசு சம்பந்தப்பட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தச் சாதாரண ரத்தப் பரிசோதனைகளை முடித்துவிடுவது நல்லது. அதற்காக மாதக்கணக்கில் ஸ்கேன் சென்டர்களுக்கு நடக்க வேண்டியதில்லை.

கீழ்ப்பாக்கம் ஜோக்குகளைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். "நான் என்ன அந்த கேஸா?" என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டில் சொன்னேன். மனைவி, "போய்த்தான் பாருங்களேன், என்ன குறைஞ்சு போயிடப் போறீங்க" என்றாள். அம்மா, "முதல்ல குணசீலம் போய்ட்டு வந்துடு தம்பி, பெருமாள் பாத்துப்பார்" என்றார். எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லாதவர்களைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவது காலங்காலமாக நடப்பது. ஒரு மண்டலம், 48 நாள், அங்கேயே தங்கவைப்பார்கள். அலுவலகத்தில் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர் வாக்கிங், பிராணாயாமம், கொடைக்கானல் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். குணசீலத்துக்கும் போய்விட்டு வந்தேன். அம்மாவுக்கு நிம்மதி. எனக்குத் திரும்பி வரும்போது முசிறி ரோட்டிலேயே படபடப்பு.

போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே போனதற்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்த கேள்வி இதுதான்: இது கவுன்சலிங் போகிற அளவுக்குப் பெரிய பிரச்சினையா? வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், இ.எம்.ஐ. கட்டுகிறேன். இதைவிட எவ்வளவோ கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார்.

எனக்கு முடிவெடுக்க உதவியது வேறொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இந்தப் படபடப்பு வந்த பிறகு எதையெல்லாம் விட்டிருக்கிறேன் என்று பழைய டைரி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை, கதவுக்குப் பக்கத்து சீட்தான். காபி நிறுத்தியாகிவிட்டது. கிளையில் மாடிக்கு ஏறுவதில்லை. ஃபைல் வேண்டுமென்றால் யாரையாவது அனுப்புகிறேன். கும்பகோணத்தில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஆடிட் என்று பொய் சொன்னேன். புரமோஷனுக்கு விண்ணப்பிக்கவில்லை, வெளிமாநிலம் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று. பையனை சினிமாவுக்குக் கூட்டிப்போய் இடைவேளையிலேயே திரும்பிவிட்டேன். சட்டைப் பையில் ஒரு சார்பிட்ரேட், இதய நோயாளிகள் நெஞ்சுவலிக்குப் போடும் மாத்திரை, எப்போதும். அந்தப் பக்கத்தை மனைவி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, "எப்ப போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இந்தக் கணக்குதான். எவ்வளவு வலிக்கிறது என்று அளக்க வழியில்லை. அதனால் என்னவெல்லாம் நின்றுபோயிற்று என்று எழுதிவிட முடியும். தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டில் பேசுகிற தொனி, முன்பு ஆசையாகச் செய்த காரியங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக இவற்றில் ஏதோ ஒன்று கெட்டுப்போய் இருக்கிறது, நீங்களாக முயன்றும் சரியாகவில்லை என்றால் ஒரு தடவை போய்ப் பார்ப்பதில் நஷ்டமில்லை. முதல் தடவை போவதால் காலமெல்லாம் போகிறேன் என்று எழுதிக் கொடுப்பதாக ஆகாது.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படுகிற அளவில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகத் தெரிந்தது. எங்கள் கிளையில் மேலாளர் முதல் மெசஞ்சர் வரை எண்ணினால் ஒன்றிரண்டு பேராவது தேற வேண்டும். யாரும் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பயம் அலுவலகம். தெரிந்துவிட்டால்? சர்வீஸ் ரிக்கார்டில் ஏறிவிட்டால்? அப்படியெல்லாம் தானாக எங்கும் ஏறாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைப்பதை அவருடைய உரிமை என்றே சொல்கிறது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல ஆலோசகர் இதை நாம் கேட்பதற்கு முன் முதல் நாளே சொல்லிவிடுவார். சொல்லவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள். கம்பெனியே கவுன்சலிங் ஏற்பாடு செய்து தருகிற இடங்களில் வேலை பார்ப்பவர்கள், என்ன விவரம் கம்பெனிக்குப் போகும் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, யாரிடம் போவது? இங்கேதான் பெரிய குழப்பம். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, பெரும்பாலும் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். மருந்து எழுத மாட்டார், பேச்சுவழி சிகிச்சை அவருடையது. கவுன்சலர் என்ற பலகையைத்தான் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்கிற நிலை. இரண்டு வருஷம் முறையாக உளவியல் எம்.எஸ்ஸி. படித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பழகியவரும் கவுன்சலர்தான். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சலர்தான். 2021இல் இதை ஒழுங்குபடுத்த மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அது நடைமுறையில் முழுசாக வந்து சேரும்வரை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, என்னுடையதைப் போன்ற பிரச்சினையைப் பார்த்திருக்கிறீர்களா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. கேட்டதற்கு ஒருவர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

நான் முதலில் போனது தெரிந்தவர் சொன்ன ஓர் இடத்துக்கு. பேரெல்லாம் வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் அவர்தான் பேசினார். அவர் பட்ட கஷ்டம், அதிலிருந்து எழுந்து வந்த விதம், சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரங்கள். என் அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். "பழசை விடுங்க சார், பாசிட்டிவா யோசிங்க" என்று வெட்டினார். முடிவில் இருபது சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி. வெளியே வந்து, கவுன்சலிங் என்றால் இவ்வளவுதானா என்று நினைத்தேன். பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள், பாவம். நானும் ஒரு மாதம் நின்றேன்.

அப்புறம் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் நின்றுகொண்டு 14416 என்ற எண்ணுக்கு அழைத்தேன். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் என் பேரைக்கூட வற்புறுத்திக் கேட்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தற்கொலை எண்ணம் ஏதாவது வருகிறதா என்று சுற்றி வளைக்காமல் கேட்டார். முதலில் திடுக்கென்றது. பிறகு, இப்படி நேராகக் கேட்கத் தெரிந்தவரிடம் எதையும் சொல்லலாம் போலிருக்கிறதே என்று தோன்றியது. அப்படியெல்லாம் இல்லை என்றேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளி நேரத்தைச் சொன்னார். யாரிடம் போவதென்று புரியாமல் நிற்கிறவர்கள், நேரில் போகத் தயங்குகிறவர்கள் இந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.

அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் என்னோடு பேசியது பத்து நிமிஷம் இருக்கும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பேனிக் டிஸார்டர் என்று பேர் சொன்னார். மாத்திரையாலும் சரியாகும், சி.பி.டி. என்ற பேச்சுவழி சிகிச்சையாலும் சரியாகும், இரண்டையும் சேர்த்தும் செய்யலாம், உங்கள் விருப்பம் என்றார். நான் பேச்சு வழியைக் கேட்டேன். இது என் தேர்வு, அவ்வளவுதான். மாத்திரை எடுப்பவர்களைவிட நான் உசத்தி என்று இதற்கு அர்த்தமில்லை. இதற்கு டாக்டர்கள் பொதுவாக எழுதும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நடுவில் நாமாக நிறுத்தக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்களே தூக்க மாத்திரை, அது வேறு சமாச்சாரம். அதுதான் பழக்கமாகிவிடும்.

அவர் சொன்ன சைக்காலஜிஸ்டைத் தில்லைநகரில் பார்த்தேன். உள்ளே போனதும் தயக்கம், ஏனென்றால் என் அக்கா மகள் வயதுதான் இருக்கும். இந்தப் பெண்ணிடம் போய் என்னத்தைச் சொல்வது? நான் ‘மேடம்’ என்றேன், அவர் ‘சார்’ என்றார், கடைசிவரை அப்படியே. ஒரு படிவம் கொடுத்தார்: வயது, வேலை, வீட்டில் யார் யார், ஏற்கெனவே இருக்கும் வியாதிகள், மருந்துகள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம். அப்புறம் ஏழே கேள்விகள் உள்ள ஒரு தாள். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றம் எத்தனை நாள், கவலையை நிறுத்த முடியாமல் போனது எத்தனை நாள் என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். அதை நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை மறுபடி நிரப்பச் சொல்வார். எனக்கு இது பிடித்திருந்தது. வங்கிக்காரனுக்கு எண்ணில் காட்டினால்தான் நம்பிக்கை வருகிறது.

ஐம்பது நிமிஷம்தான் நேரம் என்பதை முதலிலேயே சொன்னார். கட்டணம் ஆயிரம் ரூபாய். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தப் பணம் போச்சு. கடிகாரம் என் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்து என்னைப் பதற வைக்க வேண்டாம். இந்தச் சின்ன ஏற்பாட்டைக் கவனித்த பிறகு எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, ஏனென்றே தெரியவில்லை.

முதல் நாள் என்ன பேசுவது என்று பயப்படுகிறவர்களுக்கு: ஒன்றும் தயாரித்துப் போக வேண்டாம். அவர்தான் கேட்பார். எப்போது ஆரம்பித்தது, எங்கே வரும், வந்தால் என்ன செய்வீர்கள், இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது வர என்ன காரணம். அழுகை வந்தால் வரட்டும், டிஷ்யூ பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சொல்ல விருப்பமில்லாததை "அது அப்புறம்" என்று தள்ளிவைக்கலாம். நான் அந்த டைரியைக் கொண்டு போயிருந்தேன், அது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தியது. ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: "இப்படிச் செய்யுங்கள், சரியாகிவிடும்" என்ற வார்த்தை வராது. எனக்கு முதல் நாள் வெறும் கையோடு திரும்புகிற மாதிரிதான் இருந்தது. அவர் கொடுத்தது ஒரே வேலை. அடுத்த வாரம்வரை படபடப்பு வரும்போதெல்லாம் நேரம், இடம், அந்த நொடி மனசில் ஓடிய வாக்கியம் மூன்றையும் எழுதி வரச் சொன்னார்.

எழுதியதில் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப இருந்தது: "அப்பா மாதிரி போகப் போறேன்."

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கவுன்சலிங் என்றால் இப்படியும் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "சார், ஹார்ட் ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே, டாக்டரும் சரின்னுட்டார். இப்ப ஒரு நிமிஷம் வேக வேகமா மூச்சு விடலாமா? நானும் கூட விடறேன்" என்றார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஓடிவந்த நாய் மாதிரி இளைத்தோம். அரை நிமிஷத்துக்குள் என் விரல் நுனி மரத்தது. உதடு ஜிவ்வென்றது, தலை லேசாகச் சுற்றியது. பஸ்ஸில் துவாக்குடி தாண்டி, செங்கிப்பட்டியில் வருவது அப்படியே இங்கே, ஏ.சி. அறையில், நாற்காலியில். அவர் நிறுத்தச் சொன்னார். "இப்ப ஹார்ட் அட்டாக்கா சார்?" இல்லை, மூச்சு வேகமாக விட்டதால். அதிகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் மரமரப்பும் தலைசுற்றலும். பதற்றத்தில் நாம் அறியாமலே மூச்சு வேகமாகிறது. அதன் விளைவை மாரடைப்பின் அறிகுறி என்று மனசு படிக்கிறது. அப்படிப் படித்ததால் பயம் கூடுகிறது, பயம் கூடியதால் மூச்சு இன்னும் வேகமாகிறது. ஒரு தாளில் வட்டமாக அம்புக்குறி போட்டுக் காட்டினார்.

அந்த வட்டம் அவர் கண்டுபிடித்ததில்லை, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் எழுதியது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். வருஷக்கணக்காகப் பேனிக் வந்த நோயாளிகளை வைத்துப் பார்த்துச் சீர்படுத்திய முறை. ஷூவைக் கழற்றிவிட்டு நின்ற இடத்திலேயே ஓடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது எல்லாம் அதில் உண்டு. வெளியே காத்திருப்பவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. உடம்பு படபடக்கும், ஒன்றும் ஆகாது என்பதை உடம்பே கற்றுக்கொள்ள வேண்டுமாம். வாயால் சொன்னால் அது கேட்காது. இருதய டாக்டர் சொல்லியும் நான் கேட்கவில்லையே.

சட்டைப் பை மாத்திரைக்கும் ஒரு நாள் வந்தது. "அதை எடுத்து மேசை மேல வைங்க சார். யார் எழுதிக் கொடுத்தாங்க?" யாரும் எழுதித் தரவில்லை, கூட வேலை பார்க்கிறவர் கொடுத்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். கேட்டால், நெஞ்சுவலி வியாதி இல்லாதவர் அதைப் போட்டால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், நாடி வேகமாக அடிக்கும் என்கிறார் டாக்டர். ஆபத்துக்கு உதவும் என்று வைத்திருந்தது நான் பயப்படுகிற அறிகுறியையே கொண்டுவரக் கூடிய சாமான். இருந்தாலும் அதை வீட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறிய அன்று கை தானாகப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸையும் படிப்படியாகத்தான் பழகினேன். முதலில் மனைவியோடு துவாக்குடி வரை. பிறகு தனியாக. பிறகு கதவிலிருந்து தள்ளி ஜன்னல் ஓர சீட். தண்ணீர் பாட்டில் இல்லாமல். படபடப்பு வந்தால் இறங்கக் கூடாது, கவனத்தைத் திருப்பப் பாட்டும் கேட்கக் கூடாது. அது ஏறி, உச்சிக்குப் போய், இறங்குகிறவரை இருக்க வேண்டும். பெரும்பாலும் சில நிமிஷங்களில் உச்சி தொட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கும். வல்லம் வருவதற்குள் சட்டை நனைந்திருக்கும், ஆனால் இறங்கியிருக்க மாட்டேன்.

நடுவில் மோசமான வாரங்கள் வந்தன. ஆரம்பித்த பிறகு முன்பைவிட அதிகமாகப் படபடத்தது. விட்டுவிடலாமா என்று கேட்டேன். "தவிர்த்துட்டு இருந்ததை இப்ப எதிர்ல போய்ப் பாக்கறீங்க, கொஞ்ச நாள் கூடத்தான் செய்யும்" என்றார். ஆனால் அது எத்தனை நாள் கூடலாம், எப்போது மாற்றி யோசிக்க வேண்டும் என்பதையும் சொன்னார். இது முக்கியம். "வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கங்க" என்று மட்டும் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. ஐந்தாறு தடவை போன பிறகும் எதை நோக்கிப் போகிறோம் என்று உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நேராகவே கேட்டுவிடுங்கள். பிடிக்காத கேள்வி, புரியாத பயிற்சி எதுவானாலும் அவரிடமே சொல்லலாம். சிகிச்சை பலிப்பதில், அவருக்கும் உங்களுக்கும் உள்ள ஒட்டுதலும், எதற்காகச் செய்கிறோம் என்பதில் இருவருக்கும் உள்ள உடன்பாடும் பெரிய பங்கு வகிப்பதாகப் பல வருஷ ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சொல்லியும் சரிப்படவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்பது துரோகமல்ல.

அப்பாவைப் பற்றி எப்போது பேசினேன் என்று கேட்டால், பஸ்ஸெல்லாம் ஓரளவு சரியான பிறகு. அதை விரிவாக எழுத விருப்பமில்லை. அந்த அறையில் பேசியது அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "இன்னிக்கு என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்காதீர்கள். என் மனைவி கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் போட்டுவிடுவாள், சீக்கிரம் படுக்கட்டும் என்று. உண்மையில் களைப்பாகத்தான் இருக்கும். அன்றைக்கு முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

செலவு சின்னதில்லை. வாரம் ஒரு தடவை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை என்று இடைவெளி கூடிக்கொண்டே போனது. சட்டப்படி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மனநோயையும் உடல் நோயைப்போலவே நடத்த வேண்டும். ஆனால் நம்மிடம் இருக்கும் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். இந்த மாதிரிப் போய் வருகிற கட்டணம் அதில் வராது. பாலிசித் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், ஐம்பது நிமிஷம் கிடைக்காது, ஆனால் மருத்துவரும் மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வெளியூர் மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் வருகிறது. வீடியோ காலில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் கதவு சாத்திய ஓர் அறை வேண்டும். நான் மழை நாள் ஒன்றில் காரை ஓரங்கட்டி உள்ளே உட்கார்ந்து பேசினேன்.

இவ்வளவும் என்னைப்போல் வேலைக்குப் போய்க்கொண்டே சமாளித்துக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சொன்னது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது, யாரோ பேசுவது காதில் கேட்கிறது, நாள்கணக்காகத் தூக்கமே இல்லை, குடியை நிறுத்தினால் கை நடுங்குகிறது என்றால், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்கே போங்கள். நடுராத்திரி என்றாலும் 14416 எடுக்கும். தற்கொலை எண்ணம் என்றால் சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணிலும் பேசலாம்.

முடிக்கும்போது சைக்காலஜிஸ்ட் என்னையே ஒரு பக்கம் எழுதச் சொன்னார்: மறுபடி வந்தால் முதலில் தெரிவது என்ன, அப்போது என்ன செய்வேன், எப்போது அவரைக் கூப்பிடுவேன். வரவே வராது என்று அவர் சொல்லவில்லை. போன மாதம் ஆடிட் சமயத்தில் வந்தது. அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக்கு ஏறி ஃபைலை நானே எடுத்து வந்தேன்.

அலுவலகத்தில் அந்த ஒருவரிடம் சொன்னது எப்படியோ நாலு பேருக்குத் தெரிந்துபோயிற்று. பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. தனியாகக் கூப்பிட்டு நம்பர்தான் கேட்கிறார்கள். கொடுக்கிறேன். போன் பண்ணும்போது கட்டணம், படிப்பு, தமிழிலேயே முழுசாகப் பேசலாமா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை நேரம் மட்டும் கேட்காதீர்கள். ஊரிலுள்ள பேங்க்காரர்கள் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் லீவு.